5 ஏக்கர் தரிசில் சோலார் மின் நிலையம்: மானியம் யார் கைக்குப் போகிறது?

கேள்வி: அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. ஆசிரியராக இருந்து சென்ற மே மாதம் 60 வயதில் ஓய்வு பெற்றேன். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி எல்லாம் சேர்ந்து கையில் 38 லட்சம் ரூபாய் இருக்கிறது. அப்பா விட்டுப்போன 5 ஏக்கர் மானாவாரி நிலம் பத்து வருடமாகச் சீமைக்கருவேலம் மண்டித் தரிசாகக் கிடக்கிறது. அதில் 1 மெகாவாட் சோலார் மின் நிலையம் போடலாம், குசும் திட்டத்தில் அரசு 60 சதவீதம் மானியம் தரும், மீதிக்கு வங்கிக் கடன் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். முதலில் பதிவுக் கட்டணம் 35,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். துணியலாமா? என் வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடி, 5,800 ரூபாய்க்கு மேல் மின் கட்டணம் வருகிறது. நிலப் பட்டா, வீட்டு மின் இணைப்பு இரண்டும் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கின்றன.

பதில்: அந்த 35,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்களிடம் வருகிறவர் முழுப் பொய் சொல்லவில்லை. இரண்டு உண்மைகளை ஒட்டுப்போட்டு ஒன்றாக்கிச் சொல்கிறார். 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த பிஎம்-குசும் திட்டத்துக்கு மூன்று பிரிவுகள் உண்டு. நிலத்தில் சிறு மின் நிலையம் அமைப்பது ‘ஏ’ பிரிவு. மின் இணைப்பு இல்லாத விவசாயிக்கு சோலார் பம்புசெட் தருவது ‘பி’ பிரிவு. ஏற்கெனவே மின்சாரத்தில் ஓடும் பம்புசெட்டுகளையும் விவசாய மின் பாதைகளையும் சோலாருக்கு மாற்றுவது ‘சி’ பிரிவு. அவர் சொல்லும் 60 சதவீதம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ‘பி’ பிரிவில் பம்புசெட் விலையில் மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு குறைந்தது 30 சதவீதமும் தருகின்றன. அந்தக் கணக்கைத் தூக்கி ‘ஏ’ பிரிவு மின் நிலையத்தின் தலையில் வைத்துவிட்டார்.

‘ஏ’ பிரிவிலும் ஊக்கத்தொகை இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கு இல்லை. உங்களிடம் மின்சாரம் வாங்கும் மின் பகிர்மான நிறுவனத்துக்கு மத்திய அரசு யூனிட்டுக்கு 40 காசு, அல்லது மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 6.60 லட்சம் ரூபாய், இதில் எது குறைவோ அதை முதல் 5 ஆண்டுகளுக்குத் தரும். விவசாயிகளிடம் சோலார் மின்சாரம் வாங்குங்கள் என்று பகிர்மான நிறுவனத்துக்குக் காட்டும் ஆசை அது. உங்களுக்குக் கிடைப்பது வேறு: 25 ஆண்டுக்கு இன்ன விலையில் வாங்கிக்கொள்கிறோம் என்ற ஒப்பந்தம். அதுவும் பெரிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது மூலதனத்தைக் குறைக்காது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளில் பணம் போட்டவர்களில் பலர் நூற்பாலைக்காரர்கள். யாரும் அவர்களுக்கு ரொக்கமாக மானியம் கொடுக்கவில்லை. முதல் ஆண்டிலேயே விலையில் 80 சதவீதத்தைத் தேய்மானமாக, அதாவது சாதனத்தின் மதிப்புக் குறைந்ததால் ஏற்பட்ட செலவாகக் காட்டி, ஆலை லாபத்துக்கான வருமான வரியைக் குறைத்துக்கொண்டார்கள். 2012-ல் அந்தச் சலுகையை நிறுத்தியதும் புதிய காற்றாலைகள் சட்டென்று குறைந்தன. 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள், 2017-லிருந்து அது 40 சதவீதம். சோலாருக்கும் இதே 40 சதவீதத் தேய்மானம் உண்டு. ஆனால் கழித்துக்கொள்ளப் பெரிய வியாபார லாபம் இருந்தால்தானே அதற்கு அர்த்தம்? ஓய்வூதியக்காரருக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

சரி, மானியமே வேண்டாம், ஒப்பந்தத்தை நம்பி இறங்கலாமா என்று கேட்பீர்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் தோராயமானவைதான், ஆனால் வெகுதூரம் தள்ளிப் போகாது.

1 மெகாவாட்டுக்கு 4 கோடி ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். வங்கி 70 சதவீதம் கொடுத்தால் கடன் 2.8 கோடி, உங்கள் பங்கு 1.2 கோடி. உங்களிடம் இருப்பது 38 லட்சம். மீதி 82 லட்சத்துக்கு அவர் என்ன வழி சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ‘ஏதாவது பார்த்துக்கலாம்’ என்றிருப்பார்.

அந்தப் பணமும் எங்கிருந்தோ வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நம் வெயிலுக்கு 1 மெகாவாட் ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் வரை தரும். யூனிட் 3 ரூபாய் 10 காசுக்குப் போனால் வருமானம் சுமார் 50 லட்சம். காவலாள், பேனல் கழுவுவது, காப்பீடு, பழுது என்று 5 லட்சம் கழிந்தால் மிச்சம் 45. 2.8 கோடிக் கடனை 10 சதவீத வட்டியில் 12 ஆண்டில் அடைக்க ஆண்டுக்கு 41 லட்சம் கட்ட வேண்டும். கையில் நிற்பது 4 லட்சம், நீங்கள் போட்ட 1.2 கோடிக்கு மூன்றரை சதவீதம்கூட இல்லை. பேனலின் உற்பத்தி வருடா வருடம் கொஞ்சம் குறையும். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் இன்வெர்ட்டரை மாற்ற வேண்டி வரும். கடன் முடிந்து நல்ல பணத்தை நீங்கள் கண்ணால் பார்க்கும்போது வயது 72 ஆகியிருக்கும்.

இதில் உங்கள் கைக்கே வரக்கூடிய சலுகை ஒன்று இருக்கிறது, அதை அந்த மனிதர் சொல்லவே இல்லை பாருங்கள். வேளாண் உள்கட்டமைப்பு நிதி என்ற திட்டத்தில் 2 கோடி வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை 7 ஆண்டுகள் வரை உண்டு, புதுக் கடனுக்கு இப்போதும் தருகிறார்களா என்று மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். விவசாயிகளும் விவசாயிக் குழுக்களும் போடும் குசும் ‘ஏ’ மின் நிலையங்களையும் 2024-ல் இதனோடு இணைத்தார்கள். முதல் ஆண்டில் இது ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய் மிச்சம் தரும், அசல் குறையக் குறைய இதுவும் குறையும். பத்துப் பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் செய்தால் இந்தக் கணக்கு ஓரளவு நிமிரும். தனி ஆளாக, அதுவும் ஓய்வுப் பணத்தை வைத்து, எனக்கு மனம் ஒப்பவில்லை.

பணம் நேரத்துக்கு வருமா என்பது அடுத்த சங்கதி. பகிர்மான நிறுவனங்கள் மின் உற்பத்தியாளர்களுக்குப் பாக்கி வைத்த கதை பழைய கதை. 2022-ல் மத்திய அரசு தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்து பழைய பாக்கியைத் தவணையாக அடைக்க வைத்த பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் வங்கித் தவணை மாதாமாதம் 3.4 லட்சம். பில் பணம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் உங்கள் ஓய்வூதியத்தை வைத்து அதைச் சமாளிக்க முடியாது.

இந்த 38 லட்சத்தில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். ஆண்டுக்கு 2.46 லட்சம். அந்த மின் நிலையத்தின் 4 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அது 1.2 கோடி போட்டு, 2.8 கோடிக் கடனும் சுமந்து வருவது.

அப்போது நிலம் சும்மாவே கிடக்கட்டுமா? வேண்டாம். ‘ஏ’ பிரிவின் விதியிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. விவசாயியிடம் முதலீடு இல்லையென்றால் நிலத்தை மட்டும் மின் நிலையம் அமைப்பவருக்குக் குத்தகைக்கு விடலாம். குத்தகையை ஏக்கருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்றோ, உற்பத்தியாகும் யூனிட்டுக்கு இவ்வளவு என்றோ பேசலாம். மின் நிலையக்காரருக்குச் சேர வேண்டிய தொகையில் பிடித்து, குத்தகையைப் பகிர்மான நிறுவனமே நேராக உங்கள் வங்கிக் கணக்கில் போடவும் விதி இடம் தருகிறது. இந்த வரி ஒப்பந்தத்தில் இருந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடியுங்கள். ஏக்கருக்கு 25,000 என்று பேசினால்கூட 5 ஏக்கருக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம், கருவேலம் கொடுக்காத பணம். குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள், வெறும் ஸ்டாம்ப் பேப்பர் போதாது. ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் உயரும் என்பது எழுத்தில் இருக்கட்டும். உங்கள் நிலத்தை வங்கியில் அடமானம் வைக்க அவருக்கு உரிமை இல்லை என்பதும், காலம் முடிந்ததும் பேனல், கம்பி, கான்கிரீட் எல்லாம் அவர் செலவிலேயே அகற்றப்பட வேண்டும் என்பதும் இருக்கட்டும். வருமான வரியில் இந்தக் குத்தகையை விவசாய வருமானம் என்று காட்ட முடியாது. நிறையப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் உங்கள் நிலத்தை யாராவது கேட்பார்களா என்பது துணை மின் நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தப் பிரிவில் பொதுவாக 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையான நிலையங்கள் வரும், அவையும் துணை மின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பதையே விதி விரும்புகிறது. அதுவரை கம்பி இழுக்கும் செலவு மின் நிலையம் அமைப்பவருடையது. உங்கள் ஆள் இந்தத் தூரத்தைக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அவருக்கு மின் நிலையத்தில் அக்கறை இல்லை, 35,000-ல்தான் அக்கறை. குசும் பெயரில் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் வசூலிப்பதாக மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. அதோடு இந்தத் திட்டத்தின் கெடு 2026 மார்ச் வரை என்றுதான் நீட்டிக்கப்பட்டிருந்தது. ஆகவே யார் வந்து குசும் என்று சொன்னாலும், எந்த டெண்டர், எந்தத் துணை மின் நிலையத்துக்கு எத்தனை மெகாவாட் ஒதுக்கீடு என்று கேளுங்கள். அந்த விவரம் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்திலோ மின் பகிர்மானக் கழகத்திலோ இருக்க வேண்டும், அவர் டைரியில் இல்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மானியம் நிஜமாகவே உங்கள் கணக்குக்கு வரும் இடம் இதுதான்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் 5 கிலோவாட் போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000-தான். 2026-27 வரை திட்டம் இருக்கிறது. 3 கிலோவாட்டுக்கு 1.95 லட்சம் ஆகிறது என்றால் மானியம் போக உங்கள் செலவு 1.17 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய கொட்டேஷனைத் தூசு தட்டி நீட்டினால் வாங்காதீர்கள்.

3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 650 முதல் 700 யூனிட் தரும். 650 என்றே வைத்துக்கொண்டால் உங்கள் 900 யூனிட் 250 ஆகிவிடும். நம் மாநிலக் கட்டண அடுக்கின் விசேஷம் இங்கேதான் வேலை செய்கிறது: சோலார் முதலில் வெட்டுவது மேலடுக்கை, அதாவது யூனிட்டுக்கு 10 ரூபாய்க்கு மேல் போகும் கடைசி நூறை. அப்புறம் 9 ரூபாய்ச் சில்லறை, 8 ரூபாய்ச் சில்லறை என்று கீழே இறங்கும். கடைசியில் 5,800 ரூபாய் பில் ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஆண்டுக்கு 31,000 ரூபாய்க்கு மேல் மிச்சம், போட்ட பணம் நான்கு வருடத்துக்குள் திரும்பிவிடும். இதே சோலாரை 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்ததெல்லாம் மலிவு அடுக்கு, அங்கே மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

விதிகளில் கால் தடுக்கும் இடங்கள் சில உண்டு. பேனல், அதற்குள் வெயிலை மின்சாரமாக்கும் ‘செல்’ இரண்டுமே இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும், இல்லையேல் மானியம் கிடையாது. விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் இதை முதலில் கேளுங்கள். தேசிய இணையதளத்தில் பதிவு பெற்ற விற்பனையாளர் மூலம்தான் போட வேண்டும். மானியம் கடைசியில்தான் வரும்: பேனல் மாட்டி, நீங்கள் லைனுக்குத் தரும் மின்சாரத்தையும் எடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் நெட் மீட்டர் வைத்து, ஆய்வு முடிந்த பிறகு. அதுவரை முழுத்தொகையும் உங்கள் பொறுப்பு. கடன் வேண்டுமென்றால் 3 கிலோவாட் வரை 2 லட்சம் ரூபாய்க்குள் அடமானம் இல்லாமல் கிடைக்கும், ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை. கையிலிருக்கும் மீதி 8 லட்சத்திலிருந்தே கொடுத்துவிடுங்கள். பேட்டரிக்கு மானியம் இல்லை. பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் நின்றுவிடும், லைனில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக. போட்ட பிறகு இதைத் தெரிந்துகொண்டு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

விண்ணப்பம் மின் இணைப்பு எண்ணை வைத்துத்தான் நடக்கும். இணைப்பு அப்பா பெயரிலும் வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலும் இருந்தால் மானியம் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி முதலில் இணைப்பைப் பெயர் மாற்றுங்கள். அதே சான்றிதழை வைத்து நிலப் பட்டாவையும் மாற்ற மனுக் கொடுங்கள். உடன்பிறந்தவர்கள், அம்மா இருந்தால் அவர்களுக்கும் நிலத்தில் பங்கு உண்டு. அவர்கள் கையெழுத்து இல்லாத குத்தகைப் பத்திரத்தை எந்த வங்கியும் ஏற்காது. வில்லங்கச் சான்றிதழையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். இவ்வளவும் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம், அதை இந்த வாரமே தபால் நிலையத்தில் முடித்துவிடுங்கள்.