காட்டுக்கு நடுவே ஒரு விமானம்

வணக்கம் சார்,

நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்றரை வருடமாக ராத்திரியில் கூகுள் எர்த்தைத் திறந்துவைத்து ஓடுபாதைகளைத் தேடுவது பழக்கமாகிவிட்டது. இதுவரை 400 விமானத்தளங்களுக்கு மேல் குறித்து வைத்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தே எந்த ரக விமானம் என்று சொல்ல எளிய வழி உண்டா? ராணுவத் தளங்களைக் குறித்து வைப்பது தப்பா? வீட்டில் இதை வெட்டி வேலை என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. போன வாரம் அடர்ந்த காட்டுக்கு நடுவே ஒரு முழு விமானம் கிடப்பதைப் பார்த்தேன். அளந்தால் 64 மீட்டர். 2014-இல் காணாமல் போன மலேசிய விமானத்தின் நீளமும் அதுதான். வீடியோ தயாராக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வெளியிடுகிறேன். நல்ல தலைப்பாக ஒன்று சொல்லுங்களேன்.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

அந்த வீடியோவை வெளியிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கடிதம் வந்த இரவு நானும் செயற்கைக்கோள் படம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சகாராவில் ஓர் இடம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சின்னக் கேள்விகள். வெட்டி வேலையா என்றால், இல்லை. வெறும் நிலத்தில் ஒரு பழைய ஓடுபாதையின் தடத்தைப் பிரித்தறியும் கண் யாருக்கும் சும்மா வாய்ப்பதில்லை. ராணுவத் தளங்களைப் பொறுத்தவரை, பொதுவில் கிடைக்கும் படத்தைப் பார்ப்பது ஒன்று, அங்கே என்ன நிற்கிறது என்று ஊருக்கே அறிவிப்பது இன்னொன்று. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் அதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது அந்தக் காட்டு விமானம். அது கிடக்கவில்லை தம்பி, பறந்துகொண்டிருக்கிறது.

எப்படி என்று கேட்பீர்கள். படத்தை முழுசாகப் பெரிதாக்கி, விமானத்தின் ஓரங்களைப் பாருங்கள். ஒரு பக்கம் நீலமோ சிவப்போ கசிந்து, விமானத்தின் மங்கலான நகல் ஒன்று பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். செயற்கைக்கோள் கேமரா நம் கைபேசி மாதிரி ஒரே கிளிக்கில் படம் பிடிப்பதில்லை. தரையை வரி வரியாக வருடிக்கொண்டு போகிறது. சிவப்புக்கு ஒரு வரிசை உணரிகள், பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. மூன்றும் ஒரே இடத்தைப் பார்க்கும் நேரம் துளி முன்பின் ஆகும். மரத்துக்கும் வீட்டுக்கும் நிற்கிற விமானத்துக்கும் இதனால் ஒன்றும் ஆகாது, மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்துவிடும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகிற விமானமோ நொடிக்கு 250 மீட்டர் நகர்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் நீலத்துக்கும் சிவப்புக்கும் ஏறக்குறைய 1 நொடி இடைவெளி. அதனால் அவற்றில் ஒரே விமானம் நீலமாக ஓரிடத்தில், பச்சையாக அடுத்த இடத்தில், சிவப்பாக அதற்கும் அடுத்த இடத்தில் என்று மூன்று பறவைகளாகத் தெரியும். கூகுள் எர்த்தின் கூர்மையான படங்களில் இந்த இடைவெளி குறைவு, ஆனால் கசிவு இருக்கும்.

அடுத்தது நிழல். தரையில் கிடக்கும் எதற்கும் நிழல் அதன் காலடியிலேயே இருக்கும். ஓடுபாதையை நோக்கி இறங்கும் விமானத்துக்குக்கூட நிழல் கொஞ்சம் தள்ளிக் கூடவே ஓடிவரும். உங்கள் விமானத்துக்கு நிழல் எங்கே? 10 கி.மீ. உயரத்தில் பறந்தால், சூரியன் பாதி வானத்தில் இருக்கும்போது நிழல் 10 கி.மீ. தள்ளி விழவேண்டும். அவ்வளவு தூரம் வருவதற்குள் அது கரைந்தே போய்விடும். இன்னும் சொல்கிறேன், அது அந்தக் காட்டுக்கு மேலேகூட இருந்திருக்காது. செயற்கைக்கோள் 20 டிகிரி சாய்வாகப் பார்த்திருந்தால், அந்த உயரத்து விமானம் படத்தில் மூன்றரை கி.மீ.க்கு மேல் இடம் மாறித் தெரியும்.

இதெல்லாம் வேண்டாம், கொஞ்சம் யோசித்திருந்தாலே போதுமே. காட்டில் விழுந்த விமானத்தின் இரண்டு இறக்கையும் வாலும் சிதையாமல், ஒரு மரம்கூட முறியாமல் எப்படி இருக்கும்? 64 மீட்டர் என்கிறீர்கள். காணாமல் போனது போயிங் 777-200 ரகம், நீளம் 63.7 மீட்டர். ஏர்பஸ் ஏ330-300 நீளமும் 63.7 மீட்டர்தான். ஏ340-300 நீளமும் அதேதான். இந்த மூன்று ரகத்திலும் உலகமெங்கும் எத்தனை விமானங்கள் பறந்திருக்கின்றன! நீளம் பொருந்திவிட்டது என்பதற்காக அந்த ஒன்றின் பெயரை வைத்துவிடுவீர்களா? அந்த விமானத்தின் இறக்கைத் துண்டு ஒன்று 2015 ஜூலையிலேயே இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் கரை ஒதுங்கியது. வீடியோ தயாரிக்க நேரம் இருந்தது, இதைத் தேடிப் படிக்க ஐந்து நிமிடம் இல்லையா?

கோபமாகப் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். கோபம்தான். 2014 மார்ச்சில் அந்த விமானம் மறைந்தபோது டாம்நாட் என்ற இணையதளத்தில் லட்சக்கணக்கானவர்கள் உட்கார்ந்து கடல் படங்களைச் சல்லடையாகச் சலித்தார்கள். நல்ல மனதோடு செய்த வேலை அது. அவர்கள் ஐயப்பட்ட இடத்தைக் குறித்துக் கொடுத்தார்கள், பார்த்துச் சொல்ல வேறு ஆட்கள் இருந்தார்கள். 2018-இல் கம்போடியக் காட்டில் அந்த மலேசிய விமானம் கிடக்கிறது என்ற செய்தி உலகம் முழுக்க ஓடியது. உங்கள் படம் போலவே ஒரு படம். அந்த விமானத்தில் 239 பேர் இருந்தார்கள். ஒவ்வொரு முறை இப்படி ஒரு செய்தி வரும்போதும் அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் கைபேசியைக் கையில் எடுப்பார். அவருக்குத்தான் நீங்கள் தலைப்பு வைக்கப் பார்க்கிறீர்கள்.

சகாராவுக்கு வருகிறேன். பல வருடம் முன்பு, நைஜர் நாட்டின் டெனெரே பாலைவனத்தில் பழைய ஓடுபாதை ஏதாவது கிடைக்குமா என்று துழாவிக்கொண்டிருந்தேன். மணல், மணல், மணல். திடீரென்று கருப்பாக ஒரு வட்டம், அதற்குள் விமானத்தின் வடிவம். எனக்கும் கை நடுங்கியது. விழுந்த விமானம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரிதாக்கினேன். நிறக் கசிவு இல்லை. நிழலும் இல்லை. வட்டத்தின் நான்கு திசையிலும் திசைகாட்டி போல முனைகள். வேறு தேதிப் படங்களிலும் அதே இடத்தில், அசையாமல். அது விமானமே இல்லை.

1989 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் யூடிஏ நிறுவன விமானம் ஒன்று, பிரஸ்ஸாவில்லிலிருந்து பாரிஸ் போகும் வழியில், குண்டு வெடித்து அந்தப் பாலைவனத்தின் மேல் சிதறியது. 170 பேர். 2007-இல் அவர்கள் குடும்பத்தார் அந்த வெயிலில் கற்களை லாரியில் கொண்டுவந்து, பெரும்பாலும் கையாலேயே அடுக்கி, டிசி-10 விமானத்தின் வடிவத்தை உண்மை அளவிலேயே தரையில் வரைந்தார்கள். வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 60 மீட்டர். விளிம்பில் உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடிகள் 170, ஆளுக்கு ஒன்று. விழுந்த விமானத்தின் இறக்கை ஒன்றையும் இழுத்துவந்து அங்கே நட்டார்கள். அன்றிரவு இதைப் படித்து முடித்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. வானத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படவேண்டும் என்று அந்தப் பாலைவனத்தில் கல் சுமந்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது கூகுள் எர்த்தில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நீங்களும் போங்கள்: வடக்கு 16°51′53″, கிழக்கு 11°57′13″.

நீங்கள் கேட்டது ரகம் கண்டுபிடிக்கும் வழி. இறக்கையை நுனிக்கு நுனி அளங்கள். ஏ380 என்றால் கிட்டத்தட்ட 80 மீட்டர், 777-200 என்றால் 61. 737-800-ம் புதிய ஏ320-ம் 36 மீட்டருக்குள் அடங்கிவிடும், அங்கே அளவு மட்டும் உதவாது. மீதியை இன்னொரு கடிதத்தில் விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறதல்லவா, அதைத் திறங்கள். முதலில் சைப்ரஸ் தலைநகர் நிக்கோசியாவின் பழைய விமான நிலையத்தைப் பாருங்கள். 1974-இல் கைவிட்டது. அங்கே ஒரு டிரைடென்ட் விமானம் எந்தத் தேதிப் படத்திலும் அதே இடத்தில் நிற்கும். பிறகு உங்கள் காட்டுக்குப் போய், முந்தைய தேதிப் படத்தையும் பிந்தைய தேதிப் படத்தையும் எடுத்து, தேதியோடு எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்தே பார்ப்போம்.