மனநல டிகிரில மகள சேக்கலாமா? பணம் கட்டுறதுக்கு முன்னால இதக் கேட்டுட்டு வாங்க அண்ணாச்சி

கடையம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காங்க. மக பிளஸ் டூ முடிச்சிருக்கா, மனசு சரியில்லாதவங்களுக்கு உதவுற வேலைக்குத்தான் போவேன்னு பிடிவாதமா நிக்கா, ஒரு தனியார் காலேஜ் நோட்டீஸ்ல மனநலமும் சமூகநலமும் சேந்த மூணு வருஷ டிகிரி, முடிச்சதும் கவுன்சிலர் ஆயிரலாம், சொந்தமா சென்டர் போடலாம்னு போட்டிருக்கு, மச்சினன் என்னடான்னா தெனமும் ரயிலுக்கும் பஸ்சுக்கும் எதுக்கு அலையணும், தபால்லயே சைக்காலஜி படிக்க வைங்கன்னு சொல்லுதான், எத நம்பி பணம் கட்டன்னு கேக்காங்க. வீட்டுல அக்கா பீடி சுத்திச் சேத்த காசுன்னும் எழுதியிருக்காங்க. அதனால சுத்தி வளைக்காம சொல்லுதேன். நான் பாளையங்கோட்டையில இருபது வருஷத்துக்கு மேல சைக்யாட்ரிக் சோசியல் ஒர்க்கரா, அதாவது மனநோயாளிங்களுக்கும் அவங்க வீட்டாளுங்களுக்கும் உதவுற சமூகப் பணியாளரா இருக்கேன், பிள்ளைங்கள பீல்டு ஒர்க்குக்கு, அதாவது வெளிய போயி செய்யுற களப் பயிற்சிக்கு வச்சுப் பழக்கியும் விட்டிருக்கேன்.

மொதல்ல நோட்டீஸ்ல இருக்கிற அந்த வாக்கியத்த மறந்துருங்க. மூணு வருஷ டிகிரிய வச்சு ஆஸ்பத்திரில மனநல நிபுணர்னு உக்கார முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் யார சைக்யாட்ரிக் சோசியல் ஒர்க்கர்னு சொல்லலாம்னு தெளிவா எழுதி வச்சிருக்கு: சோசியல் ஒர்க்ல முதுகலை, அதுக்கு மேல சைக்யாட்ரிக் சோசியல் ஒர்க்ல ரெண்டு வருஷம் முழுநேர எம்.ஃபில், அதுவும் தேர்ந்தவங்க மேற்பார்வையில நோயாளிங்களோட பழகின பயிற்சியோட. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போடணும்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரிச்ச இடத்துல படிச்சு அவங்க பதிவேட்டுல நம்பர் வாங்கணும். எம்.ஃபில்ல பொதுவா நிப்பாட்டிட்ட யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, இந்த எம்.ஃபில்லுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரைக்கும்தான்னு ஒரு நீட்டிப்பு குடுத்துச்சு, அதனால உங்க மக அந்தப் படிக்கு வர்றப்ப படிப்போட பேரு வேறயா இருக்கலாம், ஆனா மேற்பார்வையில பயிற்சிங்கிறது மட்டும் எந்தப் பேருல வந்தாலும் இருக்கும். மொத்தத்துல இது மூணு வருஷக் கணக்கு இல்ல, ஏழெட்டு வருஷக் கணக்கு. இத இப்பவே வீட்டுல உக்காந்து பேசிருங்க, பாதியில நிப்பாட்டுனா அந்தப் பிள்ளைக்குத்தான் கஷ்டம்.

அதனால இந்த மூணு வருஷ டிகிரி அடுத்த படிக்கு வாசலத் தொறக்குமாங்கிறதுதான் கேள்வி. எம்.எஸ்.டபிள்யூ-வுக்கு, அதாவது சோசியல் ஒர்க் முதுகலைக்கு, பொதுவா எந்த டிகிரி இருந்தாலும் எடுப்பாங்க. கிளினிக்கல் சைக்காலஜி பக்கம் போகணும்னா இளங்கலையிலயே சைக்காலஜி முக்கியப் பாடமா இருக்கணும்னு கேப்பாங்க. பாதி சமூகநலம் பாதி மனநலம்னு புதுப் பேருல ஒரு டிகிரி படிச்சுட்டுப் போனா ரெண்டாவது வாசல் அடைஞ்சு போகலாம். ஆபீஸ்ல போயி, சர்டிபிகேட்ல என்ன பேரு அச்சடிப்பீங்க, பி.ஏ-வா பி.எஸ்ஸி-யா சோசியல் ஒர்க் இளங்கலையான பி.எஸ்.டபிள்யூ-வா, எந்த யுனிவர்சிட்டி குடுக்குதுன்னு கேளுங்க. நம்ம திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி காலேஜுகள்ல பெரும்பாலும் அபிஷேகப்பட்டியில இருக்கிற மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துலதான் இணைப்பு இருக்கும். அந்த இணைப்புக் கடிதத்துல இந்தப் படிப்போட பேரு இருக்கான்னு பாருங்க, காலேஜ் பேரு இருந்தா மட்டும் பத்தாது.

மச்சினன் சொன்ன தபால் வழிக்கு இப்ப வழியே இல்ல. 2021ல சுகாதாரத் தொழில்களுக்குன்னு ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்துச்சு, அதுக்குள்ள வர்ற படிப்புகள, சைக்காலஜியும் சேத்து, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில இருந்து தொலைதூரத்துலயும் ஆன்லைன்லயும் நடத்தக்கூடாதுன்னு யுஜிசி சொல்லிருச்சு. யாராவது இன்னும் அட்மிஷன் போடுதோம்னா பக்கத்துலயே போகாதீங்க.

இப்ப நான் ரொம்ப நேரம் பேச நெனைக்கிற விஷயத்துக்கு வாரேன். பீல்டு ஒர்க்.

சில வருஷத்துக்கு முன்னால ஒரு பிள்ளை எங்கிட்ட வேலை கேட்டு வந்தா. நல்ல மார்க்கு, மூணு வருஷமும் பீல்டு ஒர்க் முடிச்சதா ரெக்கார்டு நோட்டு, அட்டையெல்லாம் போட்டு அழகா வச்சிருந்தா. ஒரு குடிநோயாளியோட வீட்டுக்காரம்மா முன்னால உக்கார வச்சேன். அஞ்சு நிமிஷத்துல அந்தப் பிள்ளை அழுதுருச்சு. பைய விசாரிச்சா, அவங்க காலேஜ்ல யாரும் எங்கயும் போகல, சீனியர் நோட்டப் பாத்து எழுதச் சொன்னாங்களாம். அந்தப் பிள்ளைய நான் குறை சொல்ல மாட்டேன், அவகிட்ட இருந்து மூணு வருஷத்த எடுத்துக்கிட்டு ஒரு அட்டை போட்ட நோட்டக் குடுத்து அனுப்பியிருக்காங்க, அதத்தான் இன்னைக்கும் என்னால தாங்க முடியல.

நல்ல எடத்துல எப்படி நடக்கும்னா, சோசியல் ஒர்க் படிப்புல பொதுவா வாரத்துக்கு ரெண்டு நாள் பிள்ளைங்க வெளிய போயிருவாங்க, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், போதை மறுவாழ்வு மையம், இப்படி. பொறவு கிராமத்துல தங்கி ஒரு கேம்ப் இருக்கும். போயிட்டு வந்த ஒவ்வொரு நாளுக்கும் ரிப்போர்ட் எழுதணும், அத ஒரு ஆசிரியர் படிச்சுட்டு தனியா உக்கார வச்சுப் பேசணும். இந்த உக்கார வச்சுப் பேசுறது இருக்கு பாருங்க, அதுதான் படிப்பு, மத்ததெல்லாம் புஸ்தகத்துலயே கெடைக்கும். நான் படிக்கிற காலத்துல மொதல் வீட்டுக்குப் போயிட்டு வந்து எட்டுப் பக்கம் எழுதிக் குடுத்தேன், பெருமையாத்தான் குடுத்தேன். எங்க மேடம் படிச்சுட்டு, "இதுல நீ சொன்ன புத்தி மட்டும்தான் இருக்கு, அந்த அம்மா சொன்னது எங்க?"ன்னு கேட்டாங்க. அடுத்த நாளே திரும்பிப் போயி வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன், அப்பத்தான் அந்தம்மா பேச ஆரம்பிச்சாங்க. அந்த ஒரு கேள்விய கேக்க ஆள் இல்லாத காலேஜ்ல எத்தனை ஏசி கிளாஸ் ரூம் இருந்தா என்ன.

அதனால எச்ஓடி-யப் பாத்து, அதாவது துறைத் தலைவரப் பாத்து, பிள்ளைங்கள எங்க அனுப்புதீங்க, அங்க யாரு பாத்துக்கிடுதாங்க, ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைங்க, வாரத்துல என்னைக்கு ரிப்போர்ட் பாத்துப் பேசுதீங்கன்னு கேளுங்க. உண்மையா நடத்துறவங்க கிழமையும் நேரமும் சொல்லுவாங்க. எழுத்துல ஒப்பந்தம் இருக்கிற எடங்களோட பேரக் கேட்டு வாங்கி, முடிஞ்சா அங்க ஒரு போன் போட்டு அந்தக் காலேஜ் பிள்ளைங்க வாராங்களான்னு விசாரிங்க. நம்ம பக்கத்துல எடத்துக்கு என்ன குறை? பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி இருக்கு, ஆய்க்குடியில 1981ல இருந்து மாற்றுத்திறனாளிங்களுக்காக நடக்கிற அமர் சேவா சங்கம் இருக்கு, முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம்னு பீடி சுத்துற பெண்கள் இருக்கிற ஊரு எத்தனை. இடுப்பு வலின்னு ஓபிக்கு வாரவங்க தூக்கமே இல்லாம கடன் கணக்கு போட்டுட்டு கெடக்காங்கங்கிறது அங்க போயி திண்ணையில உக்காந்தாத்தான் தெரியும். உங்க மகளுக்கு அது வீட்டுலயே தெரிஞ்ச விஷயம் வேற, அது அவளுக்கு பெரிய பலம். வீட்டுல குறி கேட்டு, மந்திரிச்சு, கடைசியிலதான் ஆஸ்பத்திரிக்கு வாராங்கன்னா அவங்கள எளக்காரமாப் பாக்காம பேசத் தெரியணும், அதயும் யாராவது கூட நின்னு சொல்லிக் குடுக்கணும்.

இதுல ஏன் இவ்வளவு கறாரா பேசுதேன்னு கேட்டா, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில ஒரு மனநலக் காப்பகத்துல சங்கிலியில கட்டிக் கெடந்தவங்க 28 பேர் தீயில செத்துப் போனாங்க. படிக்காத, பழகாத கைகள்ல மனநோயாளிங்கள ஒப்படைச்சா என்ன ஆகும்னு நம்ம பக்கத்துலயே பாத்தாச்சு.

வேலை கெடைக்குமான்னும் கேட்டிருந்தீங்க. தேவை நெறைய இருக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி 2015-16ல எடுத்த தேசிய மனநல ஆய்வுல, நோயோட வகையப் பொறுத்து 70ல இருந்து 92 சதவீதம் பேருக்கு சிகிச்சையே போய்ச் சேரலன்னு வந்துச்சு. மாவட்ட மனநலத் திட்டம், 14416 டெலி மானஸ் போன் சேவை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர், போதை மறுவாழ்வு மையம்னு எடங்கள் இருக்கு. ஆனா அரசு பக்கத்துல நெறைய ஒப்பந்த வேலைதான், ஆரம்பச் சம்பளம் வீட்டுக் கடன அடைக்கிற அளவுக்கு இருக்காது, அதத் தெரிஞ்சே வரணும். நூத்துக்கு நூறு வேலைன்னு சொல்லுற காலேஜ்ல, போன வருஷம் முடிச்சவங்க எங்க இருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க.

என் யோசனை என்னன்னா, அந்தப் புதுப் பேரு டிகிரிய விட்டுட்டு, பஸ்சு ரயிலுக்குத் தோதா பாளையங்கோட்டையிலயோ தென்காசி பக்கமோ இருக்கிற ஒரு நல்ல காலேஜ்ல பி.எஸ்ஸி சைக்காலஜியோ பி.எஸ்.டபிள்யூ-வோ சேருங்க. நோயாளி, வார்டு பக்கம் மனசு போனா சைக்காலஜி, வீடு, ஊரு, சொந்தக்காரங்க பக்கம் மனசு போனா சோசியல் ஒர்க். எதுன்னு தெரியலன்னா சைக்காலஜி எடுக்கட்டும், அதுல இருந்து எம்.எஸ்.டபிள்யூ-வுக்கு வரலாம், பி.எஸ்.டபிள்யூ-வுல இருந்து கிளினிக்கல் சைக்காலஜிக்குப் போறதுதான் செரமம்.

காலேஜப் பாக்க அட்மிஷன் கூட்டத்தன்னைக்கு போகாதீங்க, சாதாரண நாள்ல மகளயும் கூட்டிட்டுப் போயி கேட்டுக்கு வெளிய டீக்கடையில ரெண்டாம் வருஷப் பிள்ளைங்ககிட்ட, நேத்து பீல்டு ஒர்க்குக்கு எங்கம்மா போனீங்கன்னு கேளுங்க. அப்படிச் சேந்தாலும் ஒரிஜினல் சர்டிபிகேட்ட சரிபாத்துட்டு கையோட வாங்கிட்டு வந்துருங்க, காலேஜ் அத வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018லயே சொல்லியாச்சு, குடுக்க மாட்டோம்னா பணம் கட்டாம எந்திரிச்சு வந்துருங்க.