அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர் அடுத்து எதைக் கற்கலாம்?

கேள்வி: பி.காம். முடித்து நீடாமங்கலம் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் மூன்று ஆண்டாகக் கணக்கு எழுதுகிறேன். டேலி கணக்கு மென்பொருள் நன்றாகத் தெரியும். சம்பளம் நகரவில்லை. டிஜிட்டல் மார்க்கெட்டிங், பைத்தான், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் படித்தால் மேலே வரலாம்?

பதில்:

மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் நெல்லைப் படியுங்கள்.

டேலி தெரிந்த பட்டதாரிகள் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நெல்லைக் காயவைக்கும் டிரையரை ஓட்டத் தெரிந்தவர்களும் தேடினால் கிடைப்பார்கள். டிரையரில் நடந்ததைக் கணக்கில் காட்டத் தெரிந்தவர்தான் அரிது. உள்ளே வந்த நெல்லுக்கும் வெளியே போன அரிசிக்கும் கணக்கு இடிக்கும்போது முதலாளி யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆளாக நீங்கள் மாற வேண்டும்.

ஒரு லோடை எடுத்துக்கொள்வோம். 40 கிலோ சிப்பம் (சிறு மூட்டை) 250, மொத்தம் 10,000 கிலோ, ஈரப்பதம் 20 சதவீதம். இதை 14-க்குக் காயவைத்தால் எவ்வளவு மிஞ்சும்? பெரும்பாலான கணக்கர்கள் 20-ல் 14 போக 6, ஆகவே 600 கிலோ குறையும், மிச்சம் 9,400 என்று எழுதிவிடுவார்கள். அது தப்பு. ஈரத்தை நீக்கிய உலர் எடை 8,000 கிலோ. காய்ந்த பிறகும் அந்த 8,000 மாறாது. ஆனால் இப்போது அது மொத்தத்தில் 86 சதவீதம். 8,000-ஐ 0.86-ஆல் வகுத்தால் 9,302. குறைந்தது 698 கிலோ. ஒரு லோடுக்கு 98 கிலோ ஏட்டில் அதிகமாக நிற்கிறது. பத்து லோடு வந்தால் ஏறக்குறைய ஒரு டன். அந்த எடை தண்ணீராக ஆவியாகிப் போயிருக்க, பழி மட்டும் லோடுமேன் தலையிலும் டிரையர் ஆள் தலையிலும் விழும். அநியாயமாக வேலை போகும் இடம் இது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அடுத்த படி, ஈரப்பதம் என்று உங்கள் மேசைக்கு வரும் எண்ணே சரியா என்று பார்ப்பது. மேலே சொன்ன லோடில் ஈரப்பத மீட்டர் ஒரு சதவீதப் புள்ளி தப்பாகக் காட்டினால் 116 கிலோ வித்தியாசம் வரும். மீட்டர் தப்புவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. டிரையரிலிருந்து எடுத்த சூடான நெல்லை ஆறவிடாமல் அப்படியே போடுவது. நெல்லுக்கான செட்டிங்கில் வைக்காமல் அரிசி செட்டிங்கில் பார்ப்பது. லாரியின் ஓரத்தில் கைக்கு எட்டிய இரண்டு மூட்டையில் மட்டும் மாதிரி எடுப்பது. மேல், நடு, அடி என்று குறைந்தது ஆறு மூட்டையில் குத்தூசி (மூட்டையைக் குத்தி மாதிரி எடுக்கும் கருவி) போட்டு, எல்லாவற்றையும் கலந்து, மூன்று முறை பார்த்துச் சராசரி எழுத வேண்டும். மாதம் ஒருமுறை அதே மாதிரியை ஹாட் ஏர் ஓவன் உள்ள ஆய்வகத்தில் கொடுத்து மீட்டரோடு ஒப்பிட்டால், உங்கள் மீட்டர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

இதை யாரிடம் கற்பது? உங்கள் ஆலையிலேயே, டிரையர் ஆளிடம். ஆனால் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றால் வேவு பார்க்க வந்ததாகத்தான் நினைப்பார்கள். “அண்ணே, கணக்கு ஒத்து வரல. நீங்க எந்நேரத்துல ஈரம் பாக்குறீங்க, எனக்குக் கொஞ்சம் காட்டுங்கண்ணே” என்று கேளுங்கள். இருபது வருட அனுபவம் அவர் கையில் இருக்கிறது. நெல்லைப் பல்லில் கடித்தே ஈரம் சொல்பவர்கள் உண்டு. அவருடைய கணிப்பையும் மீட்டர் எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வாருங்கள். மரியாதையோடு கேட்டால் சொல்லிக் கொடுக்காதவர் அபூர்வம்.

மூன்றாவது எக்செல். டேலி நடந்ததைப் பதியும். இந்த விசாரணைக்கு எக்செல் வேண்டும். ஒரு லோடுக்கு ஒரு வரி: தேதி, லாட் எண், ரகம், மூட்டை எண்ணிக்கை, மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடை, ஈரப்பதம், கருக்காய் (மணி பிடிக்காத நெல்), உலர் எடை. வலப்பக்கம் அரிசி, குருணை (உடைந்த அரிசி), தவிடு, உமி. உலர் எடைக்குச் சூத்திரம்: நிகர எடை × (100 − ஈரப்பதம்) ÷ 100. இது கைவந்த பிறகு எக்செலில் எண்களைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் கற்று ரகம் வாரியாக, வியாபாரி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். தினம் முக்கால் மணி நேரம் என்றால் ஆறு வாரம் போதும். கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்: தேதி எழுத்தாகப் பதிந்திருக்கும்; 40 கிலோ சிப்பமும் 60 கிலோ மூட்டையும் ஒரே பத்தியில் கலந்திருக்கும்; சாக்கு எடை கழிக்கப்பட்டிருக்காது. 580 கிராம் சணல் சாக்கு 250 என்றால் 145 கிலோ. அதைத் தொலைத்துவிட்டு ஈரப்பதத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அரிசி எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அரசு நெல்லை அரைத்துத் தரும் ஆலைகள் குவிண்டாலுக்குப் புழுங்கல் 68 கிலோவும் பச்சை 67 கிலோவும் திருப்ப வேண்டும். உங்கள் லாட் அதற்குக் கீழே போனால் காரணத்தைத் தேடும் பழக்கம் வர வேண்டும். இங்கேதான் ரக அறிவும் இயந்திர அறிவும் சேர்கின்றன. நெல் ரகங்களில் சி.ஆர். 1009 மோட்டா (தடித்த மணி), பி.பி.டி. 5204 சன்னம் (மெல்லிய மணி), ஆடுதுறை 43 இன்னொரு மாதிரி; உமி நீக்கும் ஷெல்லரில் ஒன்றுக்கு வைத்த ரோலர் இடைவெளி மற்றதற்குப் பொருந்தாது. ரப்பர் ரோலர் இரண்டும் வேறுவேறு வேகத்தில் சுற்றுவதால் வேகமானது சீக்கிரம் தேயும். நேரத்துக்கு இரண்டையும் இடம் மாற்றாவிட்டால் உமி நீங்காத நெல் திரும்பித் திரும்பி வரும், குருணை கூடும். ஸ்பேனர் பிடிக்க நீங்கள் கற்க வேண்டாம். ஒரு ஜோடி ரோலர் எத்தனை டன் அரைத்தது, ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் போனது என்று மட்டும் தினம் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் அந்த எண்களே பேசும்.

ஜி.எஸ்.டி. உங்கள் துறை, விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் வந்ததும், அதைத் தவிர்க்க 26 கிலோ பை கடைக்கு வந்ததும் உங்களுக்குத் தெரியும். பை அளவை மாற்றினால் லாபம் எப்படி மாறும் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்; கணக்கர் இருக்கையிலிருந்து விற்பனைப் பேச்சுக்குள் உங்களை அழைக்கும் வழி அது.

சான்றிதழ் வேண்டுமென்றால் இரண்டு போதும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்டாக் (FoSTaC) எனும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமின் குறுகிய காலப் பயிற்சி இன்னொன்று. ரகங்களைப் பற்றிய சந்தேகத்துக்கு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்தாறு ஆன்லைன் சான்றிதழ்களைச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, நேர்முகத்தில் “உங்கள் ஆலையில் சம்பாவுக்கு அரிசி எவ்வளவு நின்றது?” என்று ஒரு கேள்வி கேட்டால் தாள்களெல்லாம் மௌனமாகிவிடும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபரில். மழையோடு வருவதால் ஈரம் கூடுதல். கொள்முதல் நிலையங்களில் வரம்பு 17 சதவீதம், சில ஆண்டுகளில் தளர்த்துவார்கள். சம்பா, தாளடி ஜனவரியிலிருந்து மார்ச் வரை. இந்த இரண்டு சமயத்திலும் புத்தகத்தைத் திறக்க நேரம் இருக்காது, ஆனால் எண்கள் கிடைப்பது அப்போதுதான். ஆகவே எக்செலும் பயிற்சியும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. தாளை நிரப்புவது அறுப்புக் காலத்தில்.

சம்பளப் பேச்சைச் சம்பா முடிந்ததும் வையுங்கள், அதற்கு முன் வேண்டாம். கையில் ஒரே ஒரு தாள்: இந்தப் பருவத்தில் எத்தனை லோடு, எதிர்பார்த்த அரிசி, வந்த அரிசி, வித்தியாசம், அதில் ஈரத்தால் எவ்வளவு, சாக்கால் எவ்வளவு, ரோலரால் எவ்வளவு. உங்கள் முதலாளி அதைப் படித்துவிட்டும் அசையவில்லை என்றால், ஆலையின் பெயரையும் வியாபாரிகள் பெயரையும் நீக்கிவிட்டு அதே மாதிரித் தாளோடு கொள்முதல் கண்காணிப்பாளர், தரக் கட்டுப்பாட்டு அலுவலர் வேலைகளுக்கு விண்ணப்பியுங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் அந்தக் கட்டத்தில் உதவும். லோடு ஏற்றும் வட மாநிலத் தொழிலாளர்களோடு பேச இருநூறு இந்திச் சொற்கள் அதற்கு முன்பே உதவும்.