டெஸ்ட் முடியும்வரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள், தம்பி

பர்மிங்ஹாமுக்குப் படிக்க வந்து ஏழு மாதம் ஆகிறது, சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, பாதி நாள் பேதி, பேன்ட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, ஜி.பி. (இங்குள்ள குடும்ப டாக்டர்) அவசரமாகப் பார்த்துவிட்டு ‘ஐ.பி.எஸ். ஆக இருக்கலாம்’, அதாவது குடல் எரிச்சல் தொந்தரவு என்று சொல்லி அனுப்பிவிட்டார், பேசாமல் லீவில் சென்னைக்குப் போய் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ரூம் வாடகை, பகுதிநேர வேலை, தனியார் இன்ஷூரன்ஸ். பர்மிங்ஹாம் வாடகை லண்டன்காரியான எனக்குத் தெரியாது. வேலை நேர விதியை யுனிவர்சிட்டியில் கேளுங்கள், வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் ஏற்கெனவே இருக்கிற தொந்தரவுக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். அதெல்லாம் போகட்டும்.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது உங்கள் கேள்வியின் கடைசி வரி. ‘ரூம்மேட்ஸ் சொன்னதால் சப்பாத்தி, பிரெட் நிறுத்திவிட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பேன்டோப்ரசோல் தினமும் போடுகிறேன்.’ தம்பி, இதைத்தான் செய்யக் கூடாது!

சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் குளூட்டனுக்கு எதிராக உடம்பின் எதிர்ப்பு சக்தி கிளம்பி, சிறுகுடலின் உட்சுவரையே அரித்துவிடும். இங்கே ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. வெள்ளைக்காரர் நோய் என்று நம் ஆட்கள் நினைப்பார்கள். நம் பஞ்சாபிகளுக்கும் வருகிறது, கேட்டுப் பாருங்கள். முதல் டெஸ்ட் சாதாரண இரத்தப் பரிசோதனைதான். ஆனால் அது கோதுமை சாப்பிடுகிறவர் இரத்தத்தில்தான் சரியாகக் காட்டும். தினமும் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது 6 வாரம் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது இங்குள்ள மருத்துவ விதி. நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் ‘நார்மல்’ என்று வரலாம், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். கோவில் பிரசாத வரிசையில் நின்ற மாமி சொன்னார் என்று கோதுமையை விட்டாள், உடம்பு தேறியது, டெஸ்டில் ஒன்றும் தெரியவில்லை. உறுதிப்படுத்த வேண்டுமென்றால் மறுபடி 6 வாரம் ரொட்டி தின்று வா என்றார்கள். பாதியில் முடியாமல் அழுதாள். இந்த வரிசை வைத்தியத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து, கண்ணேறு கழி, ஓமத்தண்ணி குடி. சொல்லிவிட்டு அவர்கள் புளியோதரையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஓமத்தண்ணி மட்டும் தப்பில்லை, குடிக்கலாம்.

பேன்டோப்ரசோலும் அதே கதை. நம் ஊரில் பலர் வயிற்றில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி உட்கார்ந்திருக்கும். அதற்கு மல டெஸ்டோ மூச்சு டெஸ்டோ செய்வார்கள். அமிலத்தைக் குறைக்கும் இந்த மாத்திரையை 2 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தால் 4 வாரம் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தாலும் இல்லை என்று வரலாம். சூட்கேஸ் பார்மஸியில் இருக்கிற ஒவ்வொரு அட்டையின் பெயரையும் ஜி.பி.யிடம் சொல்லுங்கள். தலைவலிக்குப் போடும் ஐபுப்ரோஃபன் உட்பட. குடல் வீக்கத்துக்குப் பார்க்கும் கால்ப்ரொடெக்டின் மல டெஸ்டை அது ஏற்றிக் காட்டலாம்.

ஜி.பி. மேல் உங்களுக்கு இருக்கிற கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? ‘கேஸ் ட்ரபிள், வயிறு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால், பத்து நிமிட அப்பாயின்ட்மென்டில் அவர் என்ன செய்வார்? எடை குறைந்ததைச் சொன்னீர்களா? காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் இரத்தம், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிவறைக்கு ஓடவைக்கும் பேதி, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய்: இதில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று சொல்லி முடித்துவிடக் கூடாது என்பது அவர்களுக்கே தெரியும். சொல்லாததை யாரும் ஊகிக்க மாட்டார்கள். அங்கே போய்க் கூச்சப்படாதீர்கள். பிரிஸ்டல் அட்டவணை என்று மலத்தை 7 வகையாகப் படம் போட்டு வைத்திருக்கிறார்கள், ஆட்டுப் புழுக்கையிலிருந்து வெறும் தண்ணீர் வரை. ‘வகை ஆறு, ஒரு நாளைக்கு நாலு தடவை’ என்று சொல்லிப் பாருங்கள், டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். ஆன்லைன் படிவத்தில் எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது, எழுத்தில் பதிவாகிவிடும். பேச்சு வரவில்லையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், காசு கிடையாது. விசாவோடு வருஷத்துக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள், தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று. விசாவுக்கு டி.பி. டெஸ்ட் எடுத்தாயிற்று, அது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் எடுத்தது நெஞ்சு எக்ஸ்ரே. குடலில் வரும் டி.பி. அதில் தெரிய வேண்டும் என்றில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் அது வந்தால் பார்ப்பதற்கு குரோன்ஸ் என்ற குடல் வீக்க நோய் போலவே இருக்கும். குரோன்ஸ் என்று நினைத்து, எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் டி.பி. பரவிவிடலாம். உங்களுக்கு அது இருக்கிறது என்று சொல்லவில்லை. காய்ச்சல், இரவு வியர்வை, வீட்டில் யாருக்காவது டி.பி. வந்தது, எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இங்கே டி.பி. சிகிச்சை எல்லோருக்கும் இலவசம், அதற்காக யாரும் விசாவைப் பிடுங்கமாட்டார்கள்.

நான் 2004-ல் கல்யாணமாகி லண்டன் வெம்ப்ளிக்கு வந்தேன். ஒரே அறை, நாலு குடும்பத்துக்கு ஒரு சமையலறை, எங்களுக்கு ஒதுக்கியது சாயங்காலம் ஒரு மணி நேரம். பார்க் ராயலில் ஒரு சாண்ட்விச் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். மிஞ்சின சாண்ட்விச்சை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் காலையும் அதுதான், மத்தியானமும் அதுதான். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் கோதுமை என்றால் ஏகாதசி ராத்திரி ரவா உப்புமா, அவ்வளவுதான். இங்கே வந்த சில மாதத்தில் வயிறு பானை மாதிரி ஆனது, வாயெல்லாம் புண், படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரும்புச்சத்து குறைவு என்றார்கள். ஏன் குறைந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ‘நீங்கள் வெஜிடேரியன், ஆசியப் பெண், அப்படித்தான் இருக்கும்.’ மாத்திரை, இன்னும் மாத்திரை. உறிஞ்ச வேண்டிய குடலே அரித்துப்போயிருக்கும்போது மாத்திரை என்ன செய்யும்? கடைசியில் லீவில் போன டாக்டருக்கு மாற்றாக வந்த ஒரு பஞ்சாபி டாக்டரம்மாதான் ‘சீலியாக் பார்த்தார்களா?’ என்று கேட்டார். அப்புறம் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது), பயாப்ஸி (குடல் சதையில் துணுக்கு எடுத்துச் சோதிப்பது), முடிவு: சீலியாக். நான் விடாமல் போய் உட்கார்ந்ததால்தான் அந்த அம்மா கண்ணில் பட்டேன். இங்கே மரியாதையாக, திரும்பத் திரும்பக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். சத்தம் போடுகிறவர்களும் சுருண்டு படுப்பவர்களும்தான் என்.ஹெச்.எஸ். என்ற இந்த அரசு மருத்துவ சேவையைத் திட்டுகிறார்கள்.

சென்னைக்குப் போவதில் தப்பில்லை. அங்கே சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று சர்க்கரை, கொழுப்பு, வயிற்று ஸ்கேன் எடுத்துவிட்டு ‘எல்லாம் நார்மல்’ என்று பைல் தூக்கிவருகிற சாஃப்ட்வேர் தம்பதிகளை நிறையப் பார்த்துவிட்டேன். போனால் கேட்டு வாங்குங்கள்: சீலியாக் ஆன்டிபாடியும் (முன்னே சொன்ன இரத்தப் பரிசோதனை) மொத்த ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவும், எண்டோஸ்கோப்பி என்றால் சிறுகுடலில் பயாப்ஸியும். குழாய் விட்டு எட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. ரிப்போர்ட் முழுவதையும் இங்கே கொண்டுவந்து ஜி.பி.யிடம் கொடுங்கள்.

எல்லாம் பார்த்து ஐ.பி.எஸ்.தான் என்று முடிவானால் அதுவும் நிஜமான நோய்தான், மனப்பிரமை இல்லை. குடலில் புளித்து வாயு உண்டாக்கும் உணவுகளைக் கொஞ்ச நாள் விலக்கிப் பார்க்கும் ஃபோட்மேப் உணவுமுறையை டயட்டீஷியன் துணையோடு முயலலாம். வெங்காயம், பூண்டு, பருப்பு என்று முதலில் கை வைப்பதே நம் சாம்பாரில்தான், தயாராக இருங்கள்.

சீலியாக் என்றால் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவுதான் சேர்க்கிறார்கள். சாதம் ரசம்தானே என்று நான் தெம்பாகச் சாப்பிட்டும் வயிறு அடங்காததற்கு அதுதான் காரணம். அரிசி மாவு சேர்த்ததும் விற்கிறார்கள், தேடினால் கிடைக்கும். ஊருக்குப் போனால்தான் பாடு. போன வருஷம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில், கோதுமை ஆகாது என்று பரிமாறுகிறவரிடம் நிதானமாக விளக்கினேன். அவர் பரிதாபப்பட்டு, பூரியை எடுத்துக்கொண்டு போய், எனக்கென்று தனியாகச் சுடச்சுட ரவா தோசை வார்த்துக் கொண்டுவந்தார்.