“கேட்டுக்கறனுங்க”

அன்புள்ள அக்கா,

கோபி பக்கம் ஒரு கிராமம். கோவையில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் வார்டு போஸ்டிங்கில் சீனியர் சிஸ்டர் இன்சுலின் 40 யூனிட் எடுக்கச் சொன்னார். ஷீட்டைப் பார்த்தால் 4 மாதிரியும் இருந்தது. கேட்கப் பயந்து சிரிஞ்சோடு நின்றேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கவனித்ததால் தப்பித்தோம். அதே வாரம் வகுப்பில் ரோசன்பர்க் தன்மதிப்புக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 30க்கு 13. அப்பாவோடு ஈரோடு மஞ்சள் மண்டிக்குப் போனால் எடையில் குறை என்று நான்தான் சண்டை போடுவேன். வார்டில் மட்டும் வாய் வருவதில்லை. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மிணி,

அந்த 13ஐ விடு. மோரிஸ் ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட 10 வாக்கியத் தாள் அது; நியூயார்க் மாநிலப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தது. நல்ல கருவிதான். ஆனால் நீ நடுங்கி நின்ற வாரத்தில் நீட்டினால் அந்த நடுக்கமும் சேர்ந்துதான் பதிவாகும். நோயாளி முன்னால் மாணவியைத் திட்டித் திட்டி வாயடைக்க வைத்துவிட்டு, அப்புறம் தன்மதிப்பை அளக்க வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு.

மண்டியில் பேசுகிறாயே, எப்படி? மஞ்சள் உன்னுடையது என்று தெரியும். வார்டில் எல்லாம் சிஸ்டருடையது என்று நினைக்கிறாய். சிரிஞ்ச் இருந்தது உன் கையில்.

யூனிட் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘யூ’ எழுத்தை மட்டும் போட்டால் அவசரக் கையெழுத்தில் அது சைபர் மாதிரி தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். உலகம் முழுக்க நடந்திருக்கிற பிழை இது. அந்த அளவு உள்ளே போனால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து. நீ கேட்டிருந்தால் அது சிஸ்டரின் படிப்பைச் சந்தேகிப்பது ஆகாது. கையெழுத்தைத்தான் சந்தேகிக்கிறாய்.

என் அப்பா ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஊசியோடு ஒரு மாணவி வந்தாள். “ஐயா, உங்க பேரைச் சொல்லுங்க” என்றாள். “பேரெல்லாம் எதுக்கு, போட்டுட்டு வா” என்று பின்னாலிருந்து அதட்டல். பெண்ணுக்குக் காது மடல் சிவந்துவிட்டது, டிரேயைப் பிடித்த கை ஆடியது. ஆனாலும் நகரவில்லை. “ஒரு நிமிசமுங்க சிஸ்டர், கேட்டுக்கறனுங்க.” அப்பா பேரைச் சொன்னார். சீட்டில் இருந்தது பக்கத்துக் கட்டில்காரர் பேர்.

அந்தப் பெண்ணுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பயத்தோடேதான் கேட்டாள். மறுத்தால் மரியாதை போய்விடுமோ என்று நீ தயங்குகிறாய். நம் பேச்சில் ‘ங்க’ எதற்கு இருக்கிறது? “முடியாதுங்க” என்கிறபோது மறுப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன.

இன்று ராத்திரி ஹாஸ்டலில் தோழியை சிஸ்டராக நிற்க வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்: “சிஸ்டர், ஷீட்ல 4னு இருக்கற மாதிரி தெரியுதுங்க. ஒருக்கா பாத்துச் சொல்லுங்க, அப்புறம் போடறனுங்க.” அவள் அதட்டட்டும். மறுபடி சொல். நிஜத்திலும் அதட்டுவார்கள். இரண்டாம் தடவையும் பார்க்க மறுத்தால் ஊசி போடாதே, இன்சார்ஜிடம் போ.

அடுத்த போஸ்டிங் எந்த வார்டு? எழுது.