லைவ் சர்வரில் மட்டும் குவெரி மெதுவாக ஓடுகிறது, இண்டெக்ஸ் போட்டும் குறையவில்லை. எங்கே தேடுவது?

இன்னொரு இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் பட்டியல்) போடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டேட்டாபேஸ் அந்தக் குவெரியை, அதாவது நீங்கள் அதனிடம் கேட்கும் கேள்வியை, எந்த வழியில் ஓட்டுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் சேர்த்தால் பிளான், அதாவது அந்த வழியின் படிப்படியான விவரம், வந்துவிடும். மைஎஸ்கியூஎல்லில் 8.0.18 முதல் இந்த வசதி உண்டு. ஒரு எச்சரிக்கை: அனலைஸ் சேர்த்தால் குவெரி நிஜமாகவே ஓடும். அப்டேட், டெலீட் என்றால் பிகினுக்கும் ரோல்பேக்குக்கும் நடுவில் வைத்து ஓட்டுங்கள், ரோல்பேக் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிடும்.

போஸ்ட்கிரெஸ் பிளானில் ஒவ்வொரு படியிலும் இரண்டு ரோஸ் (எத்தனை ரோ, அதாவது டேபிளின் வரி) எண்கள் இருக்கும். ஒன்று டேட்டாபேஸ் எதிர்பார்த்தது, மற்றது உண்மையில் வந்தது. நான் முதலில் தேடுவது இந்த இரண்டும் எங்கே பெரிதாக விலகுகின்றன என்பதைத்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஆர்டர் டேபிளில். 40 லட்சம் ரோ இருந்தது. ஓர் இரவு 2,16,000 ரோ கொண்ட புதிய தொகுதி ஏறியது. காலையில் அந்தத் தொகுதி எண்ணை வைத்துத் தேடும் ரிப்போர்ட் 8 விநாடி எடுத்தது. இண்டெக்ஸ் இருந்தது, பிளானும் அதைத்தான் பயன்படுத்தியது. ஆனால் எதிர்பார்த்தது 1 ரோ, வந்தது 2,16,000. ஒரே ஒரு ரோதானே என்று நம்பி, ஒவ்வொரு ரோவுக்கும் இன்னொரு டேபிளில் போய்த் தேடும் நெஸ்டட் லூப்பை டேட்டாபேஸ் தேர்ந்தெடுத்திருக்கிறது. உள்பக்க இண்டெக்ஸ் ஸ்கேனில் நேரம் 0.031 மில்லி விநாடி என்று இருந்ததால் அதை முதலில் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். அது ஒரு சுற்றின் சராசரி. பக்கத்திலேயே லூப்ஸ் 2,16,000 என்று இருந்தது. பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 6.7 விநாடி.

காரணம், டேபிளில் என்ன இருக்கிறது என்று டேட்டாபேஸ் வைத்திருந்த பழைய புள்ளிவிவரம். அதைப் புதுப்பிப்பது அனலைஸ் என்ற தனிக் கட்டளை, எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் அல்ல. போஸ்ட்கிரெஸ் தானாக அனலைஸ் செய்ய, வழக்கமான அமைப்பில், டேபிளில் 10 சதவீதமும் அதற்கு மேல் 50 ரோவும் மாறியிருக்க வேண்டும். 40 லட்சத்தில் அது நாலு லட்சத்துக்கும் மேல். எங்கள் தொகுதி அந்த அளவைத் தொடவில்லை, அதனால் புதிய தொகுதி எண் இருப்பதே பிளானைத் தேர்ந்தெடுக்கும் பிளானருக்குத் தெரியாது. கையால் ஒருமுறை அனலைஸ் ஓட்டினேன். பிளான், ஒரு டேபிளை மொத்தமாக நினைவகத்தில் வைத்துப் பொருத்தும் ஹாஷ் ஜாயினுக்கு மாறியது, ரிப்போர்ட் அரை விநாடிக்குள் வந்தது. அப்புறம் ஏற்றும் வேலையின் கடைசிப் படியாக அனலைஸையே சேர்த்துவிட்டேன்.

டெவலப்மெண்ட் மெஷினில் வேகமாக ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 500 ரோ என்றால் சில 8 கேபி பக்கங்களில் அடங்கிவிடும், முழு டேபிளையும் படிப்பதே அங்கே சரியான வழி. லைவ் அளவுக்கு டேட்டா இல்லாமல் பார்த்த பிளானை நான் நம்புவதில்லை.

எண்கள் ஒத்துப்போய், இண்டெக்ஸ் மட்டும் பயன்படவில்லை என்றால் வேர் (WHERE) கண்டிஷனை, அதாவது எந்த ரோ வேண்டும் என்ற நிபந்தனையைப் பாருங்கள். தேதி ஃபீல்டை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டால் அந்த ஃபீல்டின் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. இன்றைய தொடக்கத்துக்குச் சமம் அல்லது மேல், நாளையின் தொடக்கத்துக்குக் கீழ் என்று எழுதினால் உதவும். மைஎஸ்கியூஎல்லில் எழுத்து வகை ஃபீல்டை மேற்கோள் இல்லாத எண்ணோடு ஒப்பிட்டாலும் இதே கதிதான். வாடிக்கையாளர், தேதி என்ற வரிசையில் போட்ட கூட்டு இண்டெக்ஸ், தேதியை மட்டும் வைத்துத் தேடும்போது பெரும்பாலும் கைகொடுக்காது.

குவெரியில் ஆஃப்செட் (இத்தனை ரோவைத் தாண்டி எடு என்பது) இருக்கிறதா? பக்கத்துக்கு 20 ரோ என்று வைத்து 5000-ஆம் பக்கம் கேட்டால், 99,980 ரோவைப் படித்துத் தூக்கிப் போட்ட பிறகுதான் உங்களுக்கு வேண்டிய 20 வரும். கடைசியாகக் காட்டிய ஐடிக்கு மேல் உள்ளவை என்று கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு புது இண்டெக்ஸ்தான் தேவை என்று தெரிந்தால், போஸ்ட்கிரெஸ்ஸில் கன்கரன்ட்லி சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் அது முடியும்வரை அந்த டேபிளில் யாரும் எழுத முடியாது. முழுப் பிளானையும் ரோஸ், லூப்ஸ் எண்களோடு கேள்வியில் சேர்த்தால் எந்தப் படி என்று பார்த்துச் சொல்கிறேன்.