தலையில் எண்ணெய் வழிந்தால் முடி கொட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 26. காலையில் ஷாம்பு போட்டுக் குளித்தாலும் மாலைக்குள் தலை பிசுபிசுத்துவிடுகிறது. ஒரு வருடமாக முடி கொட்டுகிறது, நெற்றியும் ஏறுகிறது. எண்ணெய் வேரை அடைப்பதால்தான் இப்படி, தினமும் அலசினால் இன்னும் சுரக்கும் என்கிறார்கள். அலசுவதை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். அலசுவதால் எண்ணெய் கூடுதலாகச் சுரப்பதில்லை, எண்ணெய் வேரை அடைத்து வழுக்கையை உண்டாக்குவதும் இல்லை.

ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் அங்கே டிஎச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாறுகிறது. சுரப்பியைத் தூண்டுவது ஆண் ஹார்மோன்கள்தான். பரம்பரையாக டிஎச்டியால் எளிதில் பாதிக்கப்படும் மயிர்க்கால்களைச் சுருக்குவதும் அவைதான். பிசுக்கும் உதிர்வும் ஒரே தலையில் சேர்ந்து தெரிவதால், ஒன்றின் மேல் மற்றதன் பழி விழுகிறது. இத்தனைக்கும் ரத்தத்தில் ஹார்மோன் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

தலைமுடி சாதாரணமாக 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, ஓய்ந்து, உதிர்ந்து, மறுபடி முளைக்கும். சுருங்கும் மயிர்க்காலில் இந்த வளரும் காலம் ஒவ்வொரு சுற்றிலும் குறையும். அடுத்து முளைப்பது முன்னதைவிட மெல்லியதாக, குட்டையாக வரும். கடைசியில் பூனைமுடிதான் மிஞ்சும். ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் தொடங்கும், பின்மண்டை தப்பித்துவிடும். பெண்களுக்கு நெற்றியோர முடி பெரும்பாலும் அப்படியே இருக்க, வகிடு அகலமாகும். கூடவே மாதவிடாய் தவறுவதும் முகத்தில் முடி வளர்வதும் இருந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். உதிர்ந்த முடிகளை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். நாளுக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு, ஆகவே எண்ணிக்கையைவிடத் தடிமனைக் கவனியுங்கள். எல்லாம் நீளமாக, ஒரே தடிமனில் இருந்தால் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் வரும் தற்காலிக உதிர்வாக இருக்கலாம். நுனியில் தெரியும் வெள்ளைக் குமிழைப் பார்த்து 'வேரோடு போச்சு' என்று பயப்படாதீர்கள். வேர் உள்ளேயே இருக்கிறது. வெட்டுப்படாத குட்டை முடிகள், இழை இழையாக மெலிந்தவை நிறையக் கலந்திருந்தால் மயிர்க்கால் சுருங்குகிறது. நெற்றி ஏறுவதாகச் சொல்வதால் உங்களுடையது இந்த வகையாகத்தான் தெரிகிறது.

எண்ணெய்க்கும் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. மலசீசியா என்ற பூஞ்சை அந்தப் பிசுக்கைத் தின்றுதான் பிழைக்கிறது. அரிப்பு, மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான செதில், சிவந்த தோல் எல்லாம் அதனால் வரும் அழற்சி. அதில் சொறிந்து சொறிந்து கொஞ்சம் முடி போகும். அழற்சி அடங்கினால் திரும்ப வளரும். செதில் இருந்தால் 2% கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை, 5 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அந்தத் தலைக்கு மேலும் எண்ணெய் தேய்க்காதீர்கள்.

ஆனால் ஷாம்புவால் நெற்றி இறங்காது. அதற்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள், சீக்கிரமாக. பெரும்பாலும் மினாக்சிடில் என்ற, தலையில் தடவும் மருந்தில் தொடங்குவார்கள். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவதுபோல் தெரியும், அதில்தான் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். டிஎச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையைப் பக்க விளைவுகளை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தொடங்காதீர்கள்.